ஓசூர்: பின்தங்கிய தாலுகா தொழில்நகரான வரலாறு

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் உள்ளது. 1970 வரை அது கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரிச் சீமை. ஆங்கிலேயர் காலத்தில் 1824-இல் மத்திகிரியில் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணைதான் அங்கே அரசு நிறுவிய பெரிய அமைப்பு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் அந்தத் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போனது. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வது அந்த மாவட்டத்தில் வழக்கமாக இருந்தது.

தொழில்கள் பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற சில நகரங்களிலேயே குவிவதை விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசு ஒரு குறையாகவே கண்டது. வட்டாரங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் கூறியது. 1968-இல் இரண்டு பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. பின்தங்கிய பகுதிகளை எப்படி அடையாளம் காண்பது என்று பாண்டே குழுவும், அங்கே தொழில் தொடங்குவோருக்கு என்ன சலுகை தருவது என்று வாஞ்சூ குழுவும் ஆராய்ந்தன. அவற்றின் தொடர்ச்சியாக 1971-இல் மத்திய முதலீட்டு மானியம் வந்தது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றில் போடும் முதலீட்டில் தொடக்கத்தில் 10 விழுக்காடும், பிறகு 15 விழுக்காடும் அரசு தந்தது. பின்தங்கிய பகுதியில் தொடங்கும் ஆலையின் லாபத்தில் 20 விழுக்காட்டுக்குப் பத்து ஆண்டுகள் வருமான வரி விலக்கு அளிக்கும் 80எச்எச் பிரிவு 1974-இல் சேர்க்கப்பட்டது. பின்தங்கிய பகுதிகளின் பட்டியலில் தர்மபுரி மாவட்டமும் இருந்தது.

சலுகையோடு தடையும் சேர்ந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பெருநகரங்களில் புதிய ஆலைகளுக்கு உரிமம் வழங்குவதில்லை என்று 1977 டிசம்பரில் வெளியான தொழிற்கொள்கை அறிவித்தது. அடுத்த ஆண்டு, சிறுதொழில் தொடங்குவோர் உரிமம், கடன், மூலப்பொருள் என்று பல அலுவலகங்களுக்கு அலையாமல் இருக்க மாவட்டத் தொழில் மையங்கள் திறக்கப்பட்டன.

மாநில அரசு தன் பங்குக்குத் தனித்தனி நிறுவனங்களை அமைத்தது. 1965-இல் உருவான டிட்கோ, பெரிய திட்டங்களில் தனியாருடன் பங்குதாரராகச் சேர்ந்தது. 1970-இல் வந்த சிட்கோ சிறுதொழில் பேட்டைகளைக் கவனித்தது. 1971-இல் தொடங்கிய சிப்காட்டின் வேலை, நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, தண்ணீர், மின்சாரம் கொண்டுவந்து, மனைகளாகப் பிரித்து நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது. ஆலை கட்ட வரும் ஒருவர் நூறு உழவர்களிடம் தனித்தனியாக நிலம் பேசி வாங்க வேண்டிய தொல்லை இதனால் நீங்கியது. சிப்காட்டின் தொடக்ககால வளாகங்களில் ஒன்று ஓசூரில் அமைந்தது. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்கு எடுக்கப்பட்டது.

ஓசூருக்கு முதலீட்டாளர்கள் வந்ததற்குச் சலுகை மட்டும் காரணமல்ல. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளால் பெங்களூரு அப்போதே பொறியியல் தொழிலின் மையமாகியிருந்தது. கருவி செய்பவர், உதிரிபாகம் தருபவர், பொறியாளர் எல்லாரும் அங்கே கிடைத்தார்கள். ஆனால் அது பெருநகரம். புதிய ஆலைக்கு உரிமம் கிடைப்பது அரிது. எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரம் பயணம் செய்தால் பின்தங்கிய மாவட்டம். மானியமும் வரிச்சலுகையும் தயார். நகரத்தின் வசதியும் கிராமத்துக்கான சலுகையும் ஒரே இடத்தில் வாய்த்தன. சேலம் வழியாகத் தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலையும் ஓசூரின் ஊடாகவே சென்றது.

1980 ஓசூருக்குத் திருப்புமுனை ஆண்டு. அசோக் லேலண்டு தன் லாரி ஆலையை அங்கே திறந்தது. இருவர் செல்லக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட் அதே ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்தது. பெரிய ஆலை ஒன்று வந்தால், அதற்கு வார்ப்பு, கடைசல், பிரஸ் வேலை செய்து தரும் சிறுபட்டறைகள் பின்தொடர்வது தொழில் வளர்ச்சியின் இயல்பு. ஓசூரில் இருந்த சிட்கோ பேட்டைகள் அவ்வாறே நிரம்பின.

அரசே முதலீட்டாளராக இறங்கிய முயற்சிக்கு டைட்டன் சான்று. டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய அந்தக் கடிகார நிறுவனம் ஓசூரில் ஆலை அமைத்தது. பள்ளிப்படிப்பு முடித்த இளம் வயதினரைச் சுற்றுவட்டார மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, நுட்பமான வேலைக்குப் பழக்கியது. 1990-களில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையுடன் கிராமப் பெண்கள் 'மெடோ' என்ற அமைப்பில் சேர்ந்து டைட்டனுக்குக் கடிகாரப் பட்டை முதலியவற்றைச் செய்து தந்தார்கள். டிட்கோவிடம் இன்றும் டைட்டனின் ஏறத்தாழ 28 விழுக்காடு பங்குகள் உள்ளன. மாநில அரசு போட்ட தொழில் முதலீடுகளில் அதிக லாபம் ஈட்டியவற்றுள் இதுவும் ஒன்று. வேளாண்மை சார்ந்தும் டிட்கோ பங்கேற்றது. ஓசூரின் குளிர்ந்த தட்பவெப்பத்தைப் பயன்படுத்தி, பசுமைக்குடில்களில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்யும் டான்ஃப்ளோரா பூங்கா அமுதகொண்டபள்ளியில் உருவானது.

இதே சிப்காட் முறை எல்லா இடத்திலும் இதே பலனைத் தரவில்லை. ராணிப்பேட்டையில் தோல், ரசாயன ஆலைகள் பெருகின. மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. கடலூரில் ரசாயன ஆலைகளின் மாசு நீண்டகாலப் போராட்டங்களுக்கு வித்திட்டது. மானாமதுரையில் வளாகம் அமைந்தும் ஓசூரைப் போன்ற வளர்ச்சி வரவில்லை. பின்தங்கிய பகுதிகளை ஆராய்ந்த, சிவராமன் தலைமையிலான தேசியக் குழு இந்தப் போக்கை 1980-களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியது. சலுகைகளின் பெரும்பங்கு, வளர்ந்த நகரங்களை ஒட்டிய சில மாவட்டங்களுக்கே போய்ச் சேர்ந்தது என்பது அதன் முடிவு. ஓசூரை மனத்தில் வைத்தே எழுதியதைப் போன்ற முடிவு அது. மத்திய முதலீட்டு மானியம் 1988-இல் நிறுத்தப்பட்டது.

1991-க்குப் பின் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. பெருநகரத் தடை தளர்ந்தபோதும் ஓசூர் தளரவில்லை. அதற்குள் அங்கே தொழிலாளர் கூட்டமும் பட்டறைகளும் வேரூன்றியிருந்தன. 2004-இல் ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பர்கூர், சூளகிரி எனப் புதிய சிப்காட் வளாகங்கள் வந்தன. போச்சம்பள்ளி அருகே ஓலா மின்வாகன ஆலையும், ஓசூரை அடுத்த கூத்தனபள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் அமைந்தன. இரண்டிலும் பெண் தொழிலாளர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டார்கள். 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது.

இந்த வளர்ச்சிக்கு விலையும் உண்டு. நிலம் கொடுத்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஆலையில் வேலை கிடைத்துவிடவில்லை. நிரந்தர வேலையின் இடத்தைக் காண்ட்ராக்ட் வேலை பிடித்துக்கொண்டது. பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்துவரும் தென்பெண்ணையின் நீர் குடிக்க உதவாமல் போனது. புளோரைடு கலந்த நிலத்தடி நீரால் அவதிப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது.

மானியம் முதல் ஆலையைக் கொண்டுவரும். அதை நிலைக்க வைப்பவை சாலை, தண்ணீர், பயிற்சி பெற்ற ஆட்கள், அருகில் ஒரு சந்தை ஆகியவை. ஓசூருக்கு இவற்றில் பாதியைப் பெங்களூரு தந்தது. அப்படி ஒரு நகரம் பக்கத்தில் இல்லாத ஊர்களில் அந்தப் பாதியையும் அரசே உருவாக்கித் தர வேண்டியிருக்கும்.