சிறகு நரம்பும் தேயிலைக் கொழுந்தும்

ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்போர் நன்கறிந்த பகை ஒன்று உண்டு. இலைகளை நூலால் பிணைத்து, அம்மறைவில் இருந்துகொண்டே அவற்றைத் தின்னும் இலைச்சுருட்டுப் புழுவே அது. வளர்ந்தபின் அது பழுப்பு நிறச் சிறு அந்துப்பூச்சியாகிறது. சிறகு மடித்து அமர்ந்திருக்கையில் காய்ந்த சருகுத் துண்டு போலவே தோன்றும். இவ்வாறு தோன்றும் அந்துகள் மலைநாட்டில் பல. அவற்றுள் பயிரை அழிப்பது எது என்று பிரித்தறிவது எங்ஙனம்?

1861-ஆம் ஆண்டில், இலங்கையில் வாழ்ந்த நீட்னர் என்னும் ஜெர்மானியர் கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றி எழுதிய நூலில் இவ்வந்தை விவரித்தார். 1869-இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. ஆயினும் ‘ஹோமோனா கொஃபியாரியா’ என்று கோப்பியின் பெயரையே அந்து இன்றும் சுமக்கிறது.

நிறத்தை நம்பி அந்துகளை இனம் பிரிப்பது ஏமாற்றம் தரும். இவ்வினத்தில் ஆண் சிறியது, பெண் பெரியது. ஆணின் முன்சிறகில், அடிப்பக்க விளிம்பில் ஒரு மடிப்பு உண்டு. பெண்ணுக்கு அது இல்லை. ஆதலின் அறிஞர் நிறத்தை விடுத்துச் சிறகின் அமைப்பை நாடினர். சிறகின்மேல் ஒரு துளி ஸ்பிரிட் இட்டால் செதில்கள் சற்று நேரம் தெளிந்து, அடியிலுள்ள நரம்புகள் புலப்படும். அவை எங்கே பிரிகின்றன, எங்கே இணைகின்றன என்பதே குடும்பத்தைக் காட்டும் குறி. கொழுந்தைப் பிணைக்கும் வேறொரு புழுவின் குழுவில் பின்சிறகின் நரம்பொன்றில் சீப்புப் போன்ற மயிர்வரிசை உண்டு. இலைச்சுருட்டியின் குழுவில் பெரும்பாலும் அது இராது.

இம்முறையில் வல்லவர் இங்கிலாந்துப் பள்ளியாசிரியர் எட்வர்ட் மெய்ரிக். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள மஸ்கெலியாவில் பிடிக்கப்பட்ட சிற்றந்துகள் பலவற்றுக்கு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைக் கொண்டே அவர் பெயரிட்டார். ஆனால் மிக நெருங்கிய இனங்களில் நரம்புகளும் ஒத்திருக்கும். அப்போது இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்தல் வேண்டும். மெய்ரிக் அதனை ஏற்கவில்லை. 1938-இல் அவர் மறைந்தபின், அவருடைய மாதிரிகளைக் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1955 முதல் படங்களுடன் வெளியிட்டபோது அக்குறை பெரிதும் நீங்கிற்று.

பெயரறிவால் தோட்டத்திற்கு என்ன பயன்? இவ்வந்து ஜாவாவிலும் உண்டு. அங்கே அதன் புழுவினுள் முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒரு சிறு குளவி வாழ்கிறது. 1935-36-ஆம் ஆண்டுகளில் அது இலங்கைக்குக் கொணரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. புழுவின் கொடுமை வெகுவாகத் தணிந்தது. இரு நாட்டு அந்துகளும் ஒன்றே என்ற அறிவு இல்லாவிடின், அங்குள்ள பகைவனை இங்கு அழைக்க எவர் துணிந்திருப்பர்?

அந்தக் குளவியும் அழியாதது அன்று. தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சு பிற்காலத்தில் தெளிக்கப்பட்டபோது குளவிகள் மடிந்தன. அடங்கியிருந்த இலைச்சுருட்டி மீண்டும் தலைதூக்கிற்று. பகையை அடையாளம் காண்பது மட்டும் போதாது, துணையையும் அடையாளம் கண்டு காத்தல் வேண்டும் என்பதே மலைநாடு கற்ற பாடம்.