மெழுகு, வாசனை, ஒரு ஜன்னல்: ஒரு சின்ன வரலாறு

1)

ஜூஜுவாடி செக்போஸ்ட் சுற்றி இருக்கிற லைன் வீடுகளில் இப்போ புதுசா ஒரு கைத்தொழில். மெழுகை உருக்கி, வாசனை எண்ணெய் கலந்து, தட்டில் ஊற்றி ஆறவிட்டு, கையால உதிர்த்து பாக்கெட் போடுறாங்க. பேரு வேக்ஸ் கிரம்பிள்ஸ். கரண்ட்ல சூடாகிற வேக்ஸ் வார்மர்ல ஒரு ஸ்பூன் போட்டா திரி இல்லாம, புகை இல்லாம வீடு மணக்கும்.

"புகையே இல்லையே, குழந்தை தூங்குற ரூம்ல வைக்கலாமா டாக்டர்?" இதுதான் அடிக்கடி வர்ற கேள்வி. பதில் சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும். வாங்க 👇

2)
மெழுகோட மணப்பொருளைச் சேர்த்து உருக்குறது நமக்குப் புதுசு இல்லைங்க. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்க முதல்ல மெழுகில்தான் உருவம் பிடிப்பாங்க. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் எல்லாம் இந்த மெழுகு வார்ப்பு முறையில் பிறந்தவைதான்.
ஆனா தேன்மெழுகு விலை அதிகம். அதுக்குன்னு ஒரு சொந்த வாசனையும் உண்டு.

3)
ஐரோப்பாவில் ஏழை வீட்டு மெழுகுவத்தி, ஆடு மாட்டுக் கொழுப்பில் செஞ்சது. எரிஞ்சா நாறும்.
1830இல் ஜெர்மன் வேதியியலாளர் ரைஷன்பாக் மரத்தாரில் இருந்து ஒரு வெள்ளை மெழுகைப் பிரிச்சார். எதோடயும் எளிதில் வினைபுரியாததால் 'ஒட்டுறவு குறைஞ்சது'ங்கிற பொருளில் பாரஃபின்னு பேர் வெச்சார். 1850இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங், நிலக்கரியில் இருந்து பாரஃபின் எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.
வெள்ளை நிறம், மலிவு விலை, முக்கியமா சொந்த வாசனை கிடையாது. நாம எந்த வாசனையைச் சேர்த்தாலும் அதுவே தெரியும்.

4)
அப்புறம் கச்சா எண்ணெயில் இருந்தே பாரஃபின் வந்தது. அசாமில் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901இல் தொடங்கியது, மெழுகும் அங்கே தயாரானது. இன்னைக்கு நம்ம சென்னை மணலியிலேயே பாரஃபின் மெழுகு எடுக்கிறாங்க.
ஆக, வார்மர்ல உருகுற மெழுகு பெரும்பாலும் பெட்ரோலோட தம்பிதான். சோயா மெழுகுன்னா அது தாவர எண்ணெய்.

5)
சரி, மெழுகு வந்துடுச்சு. வாசனை எங்கிருந்து வந்தது?
இதுக்கு நம்ம ஓசூர் பக்கமே ஒரு கதை இருக்கு. 1792இல் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி பக்கம், கும்பெனி கைக்குப் போச்சு. ஓசூர் 1799 வரை திப்பு கையிலேயே இருந்தது. அதே 1792இல்தான் சந்தனத்தை அரச மரமா திப்பு அறிவிச்சார். யார் நிலத்தில் முளைச்சாலும் மரம் அரசுக்கு. அந்த ஏகபோகத்தைப் பின்னாடி மைசூர் அரசும் தொடர்ந்தது.

6)
மைசூர் சந்தனக்கட்டை வெளிநாட்டுக்கு, குறிப்பா ஜெர்மனிக்குப் போய்த்தான் எண்ணெய் ஆகும். 1914இல் முதல் உலகப்போர். கப்பல் நின்னது, கட்டை தேங்கியது.
பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் ரெண்டு பேரும் இங்கேயே எண்ணெய் வடிச்சுக் காட்டினாங்க. 1916இல் பெங்களூரில் அரசு சந்தன எண்ணெய் ஆலை வந்தது. அப்போ திவான் விஸ்வேஸ்வரய்யா.

7)
ஒரு மருத்துவரா எனக்குப் பிடிச்ச தகவல்: அந்த எண்ணெய் அன்னைக்கு வெறும் வாசனைப் பொருள் இல்லை, மருந்து. வெட்டை நோய்க்கு உள்ளுக்குக் கொடுத்தாங்க. சல்பா மாத்திரையும் பெனிசிலினும் வந்த பிறகு அந்த வேலை போச்சு, மணம் மட்டும் மிஞ்சியது.

8)
இதுக்கு நடுவுல செயற்கை மணம் வந்துடுச்சு. 1868இல் பெர்கின் கூமரினை ஆய்வகத்தில் உருவாக்கினார். 1874இல் டீமனும் ஹார்மனும் வனிலினை உருவாக்கினாங்க. ராஜா வீட்டு மணம் பாட்டிலில் அடைபட்டு நம்ம வீட்டுக்கும் வந்தது. நல்ல விஷயம்தான்.

9)
இப்போ முக்கியமான இடம் ⚠️
சாம்பிராணி போட்டா என்ன ஆகும்? கண்ணு கரிக்கும், இருமல் வரும். யாரும் சொல்லாமலே கதவைத் திறப்போம். புகை கெடுதல்தான். ஆனா அந்தப் புகையே நமக்கு எச்சரிக்கை மணியாவும் இருந்தது.
மெழுகு வார்மர்ல அந்த மணி அடிக்காது. ஜன்னலைச் சாத்திட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுவோம்.

10)
2025இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் ஒரு சோதனை வீட்டில் வாசனை மெழுகை உருக்கி அளந்தது. மணத்தில் இருக்கிற டெர்பீன் வகைப் பொருட்கள், காற்றில் உள்ள ஓசோனோட சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாகுது. எண்ணிக்கையில் பார்த்தா, நெருப்பு வெச்சு எரிக்கிற பொருட்களுக்கு ஈடா இருந்தது.
அவங்க அளந்தது துகளை, நோயை இல்லை. அதனால பயப்படச் சொல்லலை. ஆனா "புகை இல்லை, அதனால காற்று சுத்தம்"ங்கிற கணக்கு தப்பு.

11)
வீட்டில் செய்றவங்களுக்கு:
✅ நேரா அடுப்பில் வைக்காதீங்க. கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்குங்க.
✅ 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம் வாசனை எண்ணெய் போதும். எடை மெஷின்ல அளங்க.
✅ மெழுகு தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, வெடிச்சுச் சிதறும். அடுப்பை அணைச்சு, மூடி போட்டு மூடுங்க.
✅ யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எல்லாம் பூட்டின அலமாரியில். குழந்தை ஒரு வாய் குடிச்சாலே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காம உடனே ஆஸ்பத்திரி.
✅ கிரம்பிள்ஸ் பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். பாக்கெட்ல "சாப்பிடக் கூடாது"ன்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதுங்க.

12)
சூடான மெழுகு கையில் பட்டா: குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம். ஒட்டின மெழுகைப் பிய்க்காதீங்க, தோலும் சேர்ந்து வரும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். பெரிய காயம்னா 108.

13)
அப்போ குழந்தை தூங்குற ரூம்? வேண்டாம். ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவங்க வீட்டிலும் வேண்டாம். மத்தவங்க ஜன்னலைத் திறந்து வெச்சு அரை மணி நேரம் போட்டுட்டு சுவிட்சை அணைங்க. ஒரே ரூம்ல சமையல், படுக்கை, மெழுகு வேலை எல்லாம் நடந்தா, உருக்குறப்போ குழந்தைகளை வெளியே விடுங்க.

இந்தத் தொழிலால மாசம் வீட்டு வாடகை தேறுதுன்னு சொல்ற அக்காக்கள் நிறைய பேர். தொழிலை நிறுத்தச் சொல்லலைங்க. ஜன்னலைத் திறக்கத்தான் சொல்றேன். உங்க தெருவில் யாராவது மெழுகு உருக்குறாங்கன்னா அவங்களுக்கு இதை அனுப்புங்க.