மேண்டிலும் மணவாளக்குறிச்சி மணலும்

மின்சாரம் எட்டிப் பாராத நாட்களில், உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்தாயினும் தேர்ப்பவனியாயினும் இரவைப் பகலாக்கியது பெட்ரோமாக்ஸ் விளக்கே. அதனுள் தொங்கும் சிறு வலைப்பையை நம் மக்கள் மேண்டில் என்றனர். ஒருமுறை எரிந்தபின் விரல் பட்டாலே பொடியாகிவிடும் அந்தப் பொருளுக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது.

அதை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியல் அறிஞர் கார்ல் அவுர் வான் வெல்ஸ்பாக். அருமண் தனிமங்கள் என்று நாம் வழங்கும் 17 உலோகங்களில் தோய்ந்தவர். இவற்றுள் செரியம், புவியோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கே உண்டு, பெயரில்தான் அருமை. ஒன்றையொன்று பிரியாத இரட்டையரைப் போன்றவை ஆதலால் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. ஒரே தனிமம் என்று எல்லோரும் நம்பிய ஒன்றை 1885-இல் அவர் பிரசியோடிமியம், நியோடிமியம் என இரண்டாகப் பிரித்தார்.

அவருடைய முதல் மேண்டில்கள் விலைபோகவில்லை. 1891-இல் வழி பிறந்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு செரியம் ஆக்சைடு. இவற்றின் உப்புக் கரைசலில் தோய்த்த நூல் எரிந்துபோக, ஆக்சைடுப் படிகங்களாலான கூடு மட்டும் எஞ்சும். தோரியம் தனியே மங்கலாகவே ஒளிரும். அதன் படிக அடுக்கில் ஆங்காங்கே செரியம் இடம்பிடித்தால் வெள்ளொளி பிறக்கும். செரியம் மிகுந்தாலோ ஒளி குன்றிவிடும். புளிப்பு மாவு உவமையை நினையாமல் இதைப் படிக்க என்னால் இயலவில்லை.

உலகெங்கும் மேண்டில் பரவவே, தோரியமும் செரியமும் அடங்கிய மோனசைட் மணலுக்குப் போட்டி எழுந்தது. முதலில் பிரேசில் கடற்கரை அதை அளித்தது. 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். 1911-இல் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. கயிறு திரித்தவர்கள் உதறித் தள்ளிய மணல் கப்பலேறிற்று. முதல் உலகப்போர் மூண்டதும் அத்தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது; மணலுக்கு உரிய ஊரார் அப்போதும் கூலிகளாகவே இருந்தனர்.

விடுதலைக்குப் பின் 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் பிறந்தது. ஆலுவாயில் மோனசைட் ஆலையும், 1955-இல் டிராம்பேயில் தோரியம் ஆலையும் தொடங்கின. டிராம்பேயின் தோரியம் நைட்ரேட் நம் நாட்டு மேண்டில் தொழிலுக்குச் சென்றது. மணவாளக்குறிச்சி உள்ளிட்ட குமரிப் பகுதி 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தது.

மின்விளக்கு வந்து மேண்டிலை ஒதுக்கியது. மணலின் மதிப்போ குறையவில்லை. அவுர் பிரித்த அதே நியோடிமியத்தை இரும்போடும் போரானோடும் சேர்த்து, 1980-களில் மிகு வலிமையுள்ள காந்தப் படிகம் செய்யப்பட்டது. மின்வாகன மோட்டார்கள் இன்று அதை நாடுகின்றன. மோனசைட்டில் நியோடிமியமும் உண்டு.

ஆகவே கிள்ளியூர் வட்டத்தின் கடலோர ஊர்களில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் மணல் அகழும் திட்டம் வந்தது. 2024-இல் மீனவ மக்கள் திரண்டு எதிர்த்தனர். கதிர்வீச்சு அச்சம் ஒன்று, கரையரிப்பு மற்றொன்று. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நெடுங்காலம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, மணலின் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் கிடக்கும் மணல் வேறு, தோண்டும் மணல் வேறு. கரையை அலை கொண்டுபோனால் வீட்டை இழப்பவர் ஆய்வாளரல்லர்.

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஏரியைக் காக்கும் வாரியத்துக்கு ஊரார் குடவோலையிட்டு ஆள் தெரிந்த முறையை, கி.பி. 921-ஆம் ஆண்டளவில் அவை பொறித்து வைத்தன. 2025 செப்டம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விலக்களித்தது. மோனசைட் அந்தப் பட்டியலில் அடங்கும்.