எழுத்து எண்டால் எது? கணினி வாசிக்கப் பழகின கதை

வரலாறு எண்டதும் அரசர், யுத்தம், ஒப்பந்தம் எண்டுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் ஒரு எழுத்தை வாசிக்கிற சின்ன வேலைக்கும் வரலாறு இருக்கு.

ஒரு புரோகிராமை எழுதிக் கணினியிடம் கொடுத்தால், அது முதலில் அதை எழுத்து எழுத்தாக வாசிக்கும். வாசித்ததைச் சேர்த்து "இது ஒரு பெயர், இது ஒரு எண், இது ஒரு குறி" எண்டு பிரிக்கிற பகுதிக்கு லெக்சர் எண்டு பெயர். (கம்பஸில நித்திரை கொள்ளுற லெக்சர் வேற.) அந்தத் துண்டுகளை வைத்து வாக்கிய அமைப்பைப் பார்ப்பது பார்சர். இலக்கணம் படிச்ச ஆக்களுக்குச் சொல்வதென்றால், எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து தொடர்.

லேசான வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் லெக்சர் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொல் எங்கே முடிகிறது? கோப்பு எங்கே முடிகிறது? எழுத்து எண்டால் எது?

முதல் கேள்வியில் சிக்குப்பட்டது போர்ட்ரான். 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜோன் பேக்கஸின் குழு உருவாக்கிய மொழி. அப்போது புரோகிராம் எண்டால் துளையிட்ட அட்டைக் கட்டு. ஒரு அட்டையில் 80 நிரல்கள் இருந்தாலும் இயந்திரம் வாசித்தது 72ஐ மட்டும்தான். அது 36 பிற் கொண்ட சொற்களாக வாசிக்கிற இயந்திரம். இரண்டு சொல் சேர்ந்தால் 72. மிச்ச எட்டு நிரலில் அட்டைகளுக்கு இலக்கம் போட்டார்கள். கட்டு கைதவறி விழுந்தால் திரும்ப அடுக்க வேண்டுமே!

போர்ட்ரான் இடைவெளிகளைக் கணக்கிலேயே எடுக்காது. "டூ 10 ஐ = 1,10" எண்டு எழுதினால் ஒரு வேலையைப் பத்துத் தரம் செய் எண்டு அர்த்தம். காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி விழுந்தால், "டூ10ஐ" எண்ட ஒரு பெயருக்கு 1.10 எண்ட பெறுமானத்தைக் கொடு எண்டு ஆகிவிடும். அதாவது முதல் இரண்டு எழுத்து என்ன எண்டு தெரியவே, லெக்சர் அந்தக் காற்புள்ளி வரைக்கும் முன்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1962இல் மரைனர் 1 விண்கலம் இந்தப் புள்ளியால்தான் அழிந்தது எண்டு பலர் எழுதியிருக்கினம். பிறகு தேடிப் பார்த்தவர்கள் சொல்லும் காரணம் வேற: கையால் எழுதிய சமன்பாட்டில் ஒரு குறியின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கோடு விடுபட்டுப் போனது. நல்ல கதை எண்டதுக்காக அது உண்மையாகிவிடாது.

இரண்டாவது கேள்வி 1970களில், பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் வருகிறது. அதில் "கெட்சார்" எண்டொரு கட்டளை. கேட்கும்போதெல்லாம் ஒரு எழுத்தைத் தரும். கோப்பு முடிந்தால் முடிந்தது எண்டு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பைற்றில் அடங்கும் 256 பெறுமானமும் எழுத்தாக இருக்கலாம். "முடிந்தது" எண்டு சொல்லத் தனி அடையாளம் மிச்சமில்லை. அதனால் கெட்சார் எழுத்தைத் தருவதில்லை, எண்ணைத்தான் தருகிறது. முடிவுக்கு வழக்கமாக -1.

இது தெரியாமல் அந்த எண்ணை எழுத்துக்கான சின்னப் பெட்டியில் போட்டால், பல கணினிகளில் 255உம் -1உம் ஒரே மாதிரித் தெரியும். மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் 255 எண்டது, மேலே இரண்டு புள்ளி வைத்த "வை" எழுத்து. அது வந்த இடத்தில் கோப்பு முடிந்தது எண்டு நினைத்துப் புரோகிராம் நின்றுவிடும். ஆங்கிலம் மட்டும் எழுதுற ஆளுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்: பிழை எல்லாருக்கும் சமமாக வருவதில்லை.

1963இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 இடம்தான். 1975இல் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் (பின்னாளில் கூகுளின் தலைவர்) "லெக்ஸ்" எண்ட கருவியை எழுதினார்கள். விதிகளைக் கொடுத்தால் அதுவே லெக்சரை உருவாக்கித் தரும். அதன் வழிவந்த "ஃப்ளெக்ஸ்" கருவியில், 128 எழுத்துக்கு மட்டும் லெக்சர் செய்யும் தெரிவு இருக்கு. அட்டவணை பாதியாகச் சுருங்கும். ஆனால் அந்த 128க்கு வெளியே ஏதும் வந்தால் லெக்சர் உறைந்து போகலாம் எண்டு அதன் கையேடே எச்சரிக்கிறது. இடத்தை மிச்சம்பிடிக்க, வெளியில் விடப்பட்டது மற்றவர்களின் எழுத்து.

1991இல் யூனிகோட் வந்தது. தமிழுக்கும் இடம் கிடைத்தது. 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக்கடையில், தட்டுக்குக் கீழ் விரிக்கிற கடதாசியில் யூடிஎஃப்-8 முறையை வரைந்தார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. "யாழ்" எங்களுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடு, 12 பைற்.

இப்ப மூன்றாவது கேள்வி. 2008இல் வெளிவந்த பைதன் 3இல் "யாழ்" எண்டு ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம். லெக்சர் ஏற்கும். ஆனால் அதே பைதனிடம் "யாழ் எண்ட சொல்லில் இருப்பதெல்லாம் எழுத்தா?" எண்டு கேட்டால், இல்லை எண்டு சொல்லும். "பல" எண்டதைக் கேட்டால், ஓம். ஏனென்றால் அரவும் புள்ளியும் யூனிகோட்டின் பார்வையில் எழுத்துகள் இல்லை, எழுத்தோடு ஒட்டும் குறிகள். பெயர் வைக்கும் விதியை எழுதியவர்கள் குறிகளையும் சேர்த்தார்கள்; மற்ற விதியில் சேரவில்லை.

இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கு. எங்கட இலக்கணத்தில் க் எண்ட மெய்யோடு அ சேர்ந்தால்தான் க. யூனிகோடில் தலைகீழ்: க தான் மூலம், அதில் புள்ளி வைத்தால் க். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே சட்டகமாகச் செய்த 1988 இஸ்கி தரத்திலிருந்து வந்த ஒழுங்கு இது.

இதில் சதி ஒண்டும் இல்லை. அட்டையின் அகலம், நினைவகத்தின் விலை, மேசையில் இருந்தவர்களின் மொழி எண்டு ஒவ்வொரு முடிவுக்கும் அந்த நேரத்துக் காரணம் உண்டு. ஆனால் பெயர்க் கட்டத்தில் தமிழில் அடித்ததும் "எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்" எண்டு ஒரு படிவம் திருப்பி அனுப்பினால், அது இயற்கையின் விதி இல்லை. யாரோ, எப்பவோ எடுத்த முடிவு. முடிவெண்டால் மாற்றலாம். புரோகிராம் எழுதுற நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கட லெக்சரைச் சோதிக்கும்போது "யாழ்" எண்டும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ.