முதல் கட்டத்தின் ஒற்றைத் தானியம்



நொச்சிக்குப்பத்திலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்றால், காமராஜர் சாலையின் முடிவில் கூவத்தின் மீது நேப்பியர் பாலம் நிற்கிறது. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது, அப்பாலம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தீட்டப்பட்டதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள்.

அதே நொச்சிக்குப்பத்து மாணவன் ஒருவன், பள்ளியில் அடுக்குக்குறி விதிகளைப் படித்துவிட்டு வந்து அண்மையில் என்னிடம் கேட்டான்: "சார், ரெண்டை ஒரு தடவைகூடப் பெருக்கலைன்னா ஒண்ணுமே வரக்கூடாதுதானே? ரெண்டின் அடுக்கு பூஜ்யம் எப்படி ஒண்ணு ஆச்சு?" 'விதி அப்படித்தான், மனப்பாடம் செய்' என்பதே அதுவரை அவனுக்குக் கிடைத்திருந்த விடை. நம் பிள்ளைகள் பலர் கணிதத்தை அஞ்சி ஒதுங்கத் தொடங்குவது இத்தகைய இடத்தில்தான். அவன் வினாவில் பிழையில்லை. விடை சொல்லாத பெரியவர்களிடமே பிழை.

ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். குவாரிஸ்ம் நாட்டில் 973இல் பிறந்த பேரறிஞர் அபூ ரைஹான் அல்பீரூனீ, சுமார் கி.பி. 1000இல் 'அல்ஆஸாருல் பாகியா' எனும் நூலை இயற்றினார். பண்டைய சமூகங்களின் ஆண்டுக் கணக்குகளைப் பேசும் அந்நூலில் சதுரங்கப் பலகைக் கணக்கும் இடம்பெறுகிறது. முதல் கட்டத்திற்கு ஒரு தானியம், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போகும், நீங்கள் அறிந்த அதே கணக்குதான். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். இதன் விடை அவ்வளவு பெரிதாகும் என்பதைத் தாமே முதலில் நம்பவில்லை என்றும், அலெக்சாந்திரியாவில் கணக்கர் ஒருவர் போட்டுக் காட்டிய பின்னரே ஏற்றுக்கொண்டதாகவும் 13ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதியிருக்கிறார்!

அல்பீரூனீ ஒவ்வொரு கட்டமாக இரட்டித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு கட்டத்தின் தொகையை அதே தொகையால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு மேலும் தள்ளியுள்ள கட்டத்தின் தொகை வந்துவிடும் என்பதை அவர் எடுத்துரைத்தார். ஐந்தாம் கட்டம் முதல் கட்டத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளியுள்ளது; அதில் 16 தானியம். 16ஐ 16ஆல் பெருக்கினால் 256. அது எட்டுக் கட்டம் தள்ளியுள்ள ஒன்பதாம் கட்டம். 256ஐ 256ஆல் பெருக்கினால் 65,536. அது 17ஆம் கட்டம். அடுத்த பெருக்கலில் 33ஆம் கட்டம். அதற்கும் அடுத்ததில், பலகையிலேயே இல்லாத 65ஆம் கட்டம். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 கட்டங்களின் மொத்தம் கிடைத்துவிடும். (1, 2, 4 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். ஏழு; அடுத்த கட்டமான எட்டைவிட ஒன்று குறைவு.) அவர் கண்ட விடை 1,84,46,74,40,73,70,95,51,615.

'அடிமானம் ஒன்றாயின், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டுக' என்று பாடநூல் கூறும் விதி இதுவன்றி வேறில்லை. அடுக்கு என்பது முதல் கட்டத்திலிருந்து எத்தனை கட்டம் தள்ளி வந்தோம் என்ற எண்ணிக்கை. முதல் கட்டத்தில் நிற்பவர் எங்கும் தள்ளி வரவில்லை, எண்ணிக்கை பூஜ்யம். ஆயினும் அங்கே ஒரு தானியம் இருக்கிறது!

இதை மணலில் கட்டம் கீறிக் காட்டினேன். மாணவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் கட்டத்திற்கு இடப்புறம் விரலை வைத்தான். "இந்தப் பக்கம் போனா?"

அதற்கு விடை பாக்தாதில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த அல்கரஜீ, மால், கஅப், மாலுமால் என அடுக்குகளுக்கு வரிசையாகப் பெயரிட்டு, அவை முடிவின்றித் தொடரும் எனக் காட்டியிருந்தார். அவருடைய நூல்களை ஊன்றிப் பயின்றவர், சுமார் 1130இல் அதே நகரில் பிறந்த ஸமவ்அல். தம் 19ஆம் வயதில் 'அல்பாஹிர்' எனும் அல்ஜப்ரா நூலை எழுதினார். அதில் ஓர் அட்டவணை. நடுவே ஒன்று, ஒருபுறம் பெருகும் அடுக்குகள், மறுபுறம் அரை, கால், அரைக்கால் எனக் குறையும் பின்னங்கள். ஒன்றிலிருந்து எத்தனை இடம் தள்ளியிருக்கிறது என்று எண்ணியே பெருக்கவும் வகுக்கவும் அவர் கற்பித்தார்.

நம் மேடைகளில் இவை யாவும் முஸ்லிம்களுக்கே உரியவை என முழங்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யூத அறிஞர் ஒருவரின் மகனான ஸமவ்அல், அந்நூலை எழுதியபோது யூதராகவே இருந்தார். இஸ்லாத்தை ஏற்றது 1163இல், மராகாவில். அவர் தம் கணிதக் கல்வியைத் தொடங்கியதோ இந்தியக் கணக்கு முறையிலிருந்து. கிரேக்கரான தியோஃபாந்தஸ் இவர்கள் அனைவருக்கும் முன்பே அடுக்குகளுக்குப் பெயரிட்டவர். அடுக்கைச் சிறிய எண்ணாக மேலே எழுதும் இன்றைய முறை, 1637இல் வெளிவந்த டேக்கார்ட்டின் நூலால் பரவியது.

மாணவனிடம், முதல் கட்டத்திற்கு இடப்புறம் அரை, கால் என எழுதச் சொன்னேன். பிறகு எட்டைக் காலால் பெருக்கச் சொன்னேன். முதல் கட்டத்திலிருந்து மூன்று கட்டம் வலப்புறம் சென்றான். இரண்டு கட்டம் இடப்புறம் திரும்பினான். அவன் விரல் இரண்டு தானியம் உள்ள கட்டத்தில் நின்றது.