மணக்குடிப் பொழியைக் கடந்த சோடியம்

மகேந்திரகிரியின் அடிவாரப் பாறைகளில் தொடங்குகிறது இந்தப் பயணம். பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்துக்குள் சோடியம் அடைபட்டுக் கிடக்கிறது. மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, யுகக்கணக்கில் அந்தப் பாறையை அரிக்கிறது. அப்படி விடுபட்ட சோடியம், நேர்மின் அயனியாகப் பழையாற்றில் இறங்கி, நாஞ்சில் நாட்டு வயல்களையும் சுசீந்திரத்தையும் தாண்டி, மணக்குடிப் பொழி வழியாகக் கடலில் சேர்கிறது.

கடலில் அதற்குச் சொந்தத் துணை என்று எதுவும் கிடையாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் என்கிறோம். உண்மையில் அங்கே சோடியம் தனி, குளோரைடு தனி. குளோரைடு பெரும்பாலும் எரிமலை வாயுக்களோடு பூமிக்குள்ளிருந்து வந்தது. ஐந்தாறு நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சோடியத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. நீருக்குள் இந்த இரு அயனிகளுக்கும் இடையிலான ஈர்ப்பு ஏறக்குறைய 80இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மின்சாரம் பாய்ச்சினால்தான் உப்பு பிரியும் என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், கரைந்தாலே பிரிந்துவிடும் என்று சொன்னவர் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ். 1884இல் அவருடைய ஆய்வேட்டுக்குக் குறைந்த மதிப்பீடே கிடைத்தது. 1903இல் நோபல் பரிசு வந்தது.

பிரிந்தவை மறுபடி சேர்வது சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து அளங்களில். வெயில் ஏற ஏற உவர்நீர் தடிக்கிறது. முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம். உவர்நீரின் அடர்த்தி 25 டிகிரி போமேயைத் தாண்டும்போதுதான் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். குனிந்து பார்த்தால், நீரின் மேலேயே சின்னச் சின்னச் சதுரங்கள், நடுவில் குழிந்து, மிதந்துகொண்டிருக்கும். கனம் கூடியதும் அடியில் போய்ப் படியும். நம் சோடியத்தைச் சுற்றி இப்போது ஆறு குளோரைடுகள். எல்லாமே கடலில் யாரோடோ அலைந்தவை. கசக்கும் மெக்னீசியம் இன்னும் நீரிலேயே நிற்கிறது. அதை வடித்துவிடத் தவறினால் உப்பு கசந்துபோகும். எத்தனை டிகிரியில் நீரை விடுவது, எப்போது வடிப்பது என்று பார்த்தே சொல்லும் அளத்துக்காரர்களின் அறிவை நான் வேதியியல் என்றே சொல்வேன்.

வாரிய உப்பு கருவாட்டுக்குப் போகும், மீன்குழம்புக்குப் போகும். கஞ்சியில் விழுந்த கணத்தில் சோடியமும் குளோரைடும் திரும்பப் பிரிகின்றன. உடம்புக்கு வேண்டியதும் அந்தப் பிரிந்த நிலைதான். நரம்பில் செய்தி ஓடுவது, சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்வதால்தான். சிறுகுடலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்ந்தே உள்ளே நுழைகிறது; தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பெரும் சாவைத் தடுத்தது இந்த வழியில்தான். இன்றைய ஓஆர்எஸ் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன.

உச்சி வெயிலில் உப்பு வாருகிறவர்களின் வியர்வையோடு வெளியேறுவதும் இதே சோடியம்தான். அவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும், உட்கார்ந்து குடிக்க ஒரு நிழலும் ஒவ்வொரு அளத்திலும் இருந்தாக வேண்டும்.