கோதையாற்று அணைத் தொகுதியின் நலச் சோதனை

1. பொருள்

முழு நீர்மட்டம்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி. கோதையாற்றுப் பாசனத்தின் சேமிப்பு இந்த நான்கு அணைகளில் பகிர்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் குமரி மாவட்ட நாளிதழ்கள் தவறாமல் தரும் நீர்மட்டம் இருப்பைச் சொல்லும்; நலத்தைச் சொல்லாது. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது ஆபத்து என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஓரணையின் நலம்

திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ஆட்சியில் 1897இல் தொடங்கிய பேச்சிப்பாறைக் கற்கட்டு அணை 1906இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சின், ஊரார் வழக்கில் மூக்கன் துரை, அணையருகிலேயே அடக்கமானார். அணை பின்னாளில் 6 அடி உயர்த்தப்பட்டது. உயர்த்திய அணை புதிய சுமையைத் தாங்கும் புதிய அணை. அதன் அளவீடுகளும் புதிதாகத் தொடங்கவேண்டும்.

கற்கட்டு அணையில் கசிவு இயல்பு. அதன் மாற்றமே நோய்க்குறி. கசிவு நீரை ‘வி’ வடிவ வெட்டுள்ள பலகை வழியே விழவிட்டு, வெட்டில் நீர் நிற்கும் உயரத்தை அளப்பார்கள். உயரம் இருமடங்கானால் நீரளவு ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடும்; சிறு அளவுப் பிழையும் பெரும்பிழையாகும். ஒப்பீடு ஒரே நீர்மட்டத்தில் நடக்கவேண்டும்: 40 அடியில் எடுத்த அளவை 47 அடியில் எடுத்ததோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. சுவரில் வெண்படிவு கண்டால் சுண்ணாம்பு கரைகிறது. கலங்கிய கசிவு உடனடிக் கவனம் கேட்கும்.

மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் ஆய்வு வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி.

3. இணைப்புகள்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர் புத்தன் அணையில் சேர்ந்தே கால்வாய்களில் பிரிகிறது. அங்கே ஒரு மதகு பழுதானால் மேலே எவ்வளவு நீர் இருந்தும் முதல் போகமான கன்னிப்பூ நாற்றுக்கு உதவாது. ஆகவே தொகுதியின் சோதனை கடைவரம்பில்தான் முடியவேண்டும். அங்கே வயலுக்குத் தண்ணீர் வந்த நாளும் ஆய்வுப் பதிவே.

4. கணினிச் சேமிப்பின் பாடம்

இந்த அணைகளின் நீரைப் போலவே கணினித் தரவையும் பகிர்ந்து சேமிப்பதுண்டு. ‘செஃப்’ என்னும் பகிர்வுச் சேமிப்பு மென்பொருள் நலமாக இருந்தால் அதன் நிலையறிக்கையில் ‘ஹெல்த் ஓகே’ என்று ஒரு வரி வரும். அது போதாதென்று, தரவு முழுவதையும் படித்துப் பிரதிகளை ஒப்பிடும் ஆழச் சோதனையை இயல்பு அமைப்பில் வாரந்தோறும் அது தானே நடத்துகிறது. வட்டு ஒன்று கெட்டால் மற்றப் பிரதிகளிலிருந்து மீட்கலாம். பேச்சிப்பாறை நீருக்குப் பிரதி இல்லை. இங்கே சோதனை பிந்தினால் மீட்க எதுவும் மிஞ்சாது. எனவே நாளிதழில் வெளியாகும் நீர்மட்டத்தின் அருகிலேயே அன்றைய கசிவும், சென்ற ஆண்டு அதே மட்டத்தில் இருந்த கசிவும் அச்சாகவேண்டும்.